எட்டு மாதம் கழித்து வாங்கிய திட்டு

பதிவேடு மேசைமேல் விழுந்த வேகத்தில் பசைப் புட்டி கவிழ்ந்தது. தடித்த அட்டை போட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய அரசாங்கப் பதிவேடு அது. போட்ட கை தனலட்சுமி அக்காவுடையது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருந்த நேரம்.

"இன்னா எழுதி வச்சிக்கீற? நாலாங்கிளாஸ் புள்ள கூட இத்த விட நல்லா எழுதும்."

அறையில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். கண்காணிப்பாளர் கோபாலன் சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

"தனம்மா, கொஞ்சம் மெதுவா. அவங்க நிலைமை உங்களுக்குத் தெரியாது."

"தெரியும் சார். வந்த அன்னிக்கே ஆறு பேரு சொல்லிட்டாங்கோ. அத்த நான் கேக்கல. இது இன்னான்னு கேக்கறேன்."

அவர் விரலை ஊன்றிக் காட்டிய வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம் இருந்தது. மை இன்னும் காயவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒருவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆறுதலைப் பற்றி ஒரு குறை

என் கணவர் ரவி இறந்துபோன நாளைப் பற்றிச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். கூடுவாஞ்சேரியில் வழக்கமான ரயிலைப் பிடித்துச் செங்கல்பட்டு வருவாய்த்துறை அலுவலகத்துக்குக் கிளம்பியவர், பரனூர் தாண்டி ஏரி தெரிய ஆரம்பித்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். படித்துவிட்டு நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. இந்த வாரம் அந்த ஆறுதலைப் பற்றியே கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரசுப் பணியில் இருந்தவர் இறந்துபோனால், குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவார்கள். எனக்கு ஆணை வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவே சீக்கிரம் என்று சொன்னார்கள். அவர் வேலை பார்த்த அதே அலுவலகத்தில், தபால் பிரிவில் போட்டார்கள். பி.காம். முடித்திருந்தேனே தவிர, ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்வார். "எதுக்கு சுமதி அங்க கெடந்து கஷ்டப்படுத? பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு. ஒனக்கு ஒரு ரூம் ஒழிச்சி வச்சிருக்கோம்." அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அந்த ஒழித்து வைத்த அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அங்கே போய்விட்டால் நான் சாகும்வரை விருந்தாளிதான். என் மகள் மீனு விருந்தாளியின் மகள். ஆகவே இந்த வேலைதான் எனக்கு இருந்த ஒரே பிடி.

அலுவலகத்தில் என்னைத் தாங்கினார்கள் என்று சொன்னால் போதாது. அவர் உட்கார்ந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, அதில் புதுத் தலையணை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கால் குட்டையான நாற்காலி அது. ஆடாமலிருக்க அவர் தன் பழைய சீசன் டிக்கெட்டை மடித்துச் சொருகியிருந்தார். அதையும் அப்படியே வைத்திருந்தார்கள்.

டீ கொண்டுவருகிற பாபு அண்ணன், கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வைத்தார். "சார் இப்டிதான் குடிப்பாரும்மா" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேண்டும். அதை எப்படிச் சொல்வது? எட்டு மாதம் கஷாயம் குடிப்பதுபோல் குடித்தேன்.

ரயிலிலும் அதே கதைதான். நான் ஏறினால் பெண்கள் பெட்டியில் சிரிப்பு நின்றுவிடும். மருமகளைப் பற்றியோ மேனேஜரைப் பற்றியோ சுவாரசியமாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். என்னைக் கண்டதும் அப்படியே அமுங்கிப்போய், யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். சிரியுங்களேன், எனக்கும் அந்தக் கதையைச் சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருக்கும். நன்றி சொல்லிவிட்டு உட்கார்வேன். சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன், அந்த ஏரி கண்ணில் படாமலிருக்க.

அலமாரியில் இருந்த இன்னொன்று

சரி, அந்த மேசைக்கு வருகிறேன்.

தனலட்சுமி அக்காதான் தபால் பிரிவின் உதவியாளர். நான் சேர்வதற்குச் சில நாள் முன்புதான் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் போயிருந்தார். திரும்பி வந்து மூன்றாவது நாள் இது.

"அந்த வரில தப்பு இருந்தா யாராவது சொல்லியிருப்பாங்களே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எப்டி சொல்வாங்கோ? இந்தப் பதிவேடுதான் நெசம்னு நெனச்சிகினு கீறியா நீ?"

கோபாலன் சார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நொண்டிக்கொண்டே போய் அலமாரியைத் திறந்து இன்னொரு பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். அதே தேதிகள், அதே கடிதங்கள். எழுத்து மட்டும் கோபாலன் சாருடையது.

விஷயம் இதுதான். சேர்ந்த புதிதில் நான் எண்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். மதுராந்தகத்துக்குப் போக வேண்டியது திருப்போரூருக்குப் போயிருக்கிறது. என்னிடம் சொன்னால் மனசு நொந்துபோவேன் என்று, நான் ஐந்தே முக்கால் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு கோபாலன் சாரும் இன்னொருவரும் உட்கார்ந்து, நான் எழுதிய அத்தனையையும் வேறு பதிவேட்டில் சரியாக எழுதியிருக்கிறார்கள். உறைகளையும் மாற்றியிருக்கிறார்கள். எட்டு மாதம், தினமும்.

அப்படியென்றால் இத்தனை நாள் நான் வேலையே பார்க்கவில்லை. வேலை பார்ப்பதுபோல் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். காலையில் சேலை மடிப்பைச் சரிசெய்து, டிபன் பாக்ஸ் கட்டி, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்ததெல்லாம் இதற்கா? எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

கோபாலன் சார் விடுப்பில் இருந்த ஒருநாள் யாரும் சரிபார்க்கவில்லை. அன்றைக்குப் போன உறைதான் திரும்பி வந்திருந்தது. கருங்குழியில் இருக்கும் செல்வி என்ற பெண்ணுக்கு அனுப்ப வேண்டிய கடிதம். உறையைப் பார்த்தேன். என் கையெழுத்து. 'செல்வி, க/பெ. ரவி, கூடுவாஞ்சேரி' என்று எழுதி, எங்கள் குடியிருப்பின் கதவு எண்ணையும் போட்டிருந்தேன். ஓரத்தில் தபால்காரர் எழுதியிருந்தார்: 'இவ்விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை.'

சத்தியமாக எழுதிய நினைவே இல்லை. அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "விடுங்கம்மா, யாருக்கும் வர்றதுதான்" என்றார் கோபாலன் சார், உடைந்த குரலில். தனலட்சுமி அக்கா மட்டும் விடவில்லை.

"உம் புருசன் பேர எழுதிட்ட. சரி, மனசு அங்க பூட்ச்சி. ஆனா அந்தப் பொம்பள இன்னா பண்ணா? மூணு வாட்டி வந்து திரும்பிப் போயிருக்கா. இது இன்னா காகிதம் தெரியுமா? வாரிசுச் சான்று. அவளுக்கும் புருசன் செத்துதான் கீறான். உனக்குத் துக்கம்னா அவளுக்கு இன்னா, கொண்டாட்டமா?"

நான் எழுதிய ராஜினாமா

வெள்ளைத்தாளை இழுத்து ராஜினாமா எழுதினேன். அண்ணனின் அறை, விருந்தாளி வாழ்க்கை எல்லாம் அந்த நிமிடத்தில் பரவாயில்லை என்று தோன்றியது. எந்தக் காகிதமானாலும் தபால் பிரிவில் எண் போட்டுத்தான் மேலே போகும். எண் போடுகிறவர் தனலட்சுமி அக்கா. ஆகவே அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"பெறுநர் போட்டுக்கீற. அனுப்புநர் எங்க? பதவி எழுதல. தேதி போடல." ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம். "இத்த ஏத்த முடியாது. திருத்தி எடுத்துகினு வா."

இன்னொரு தாளில் எழுதினேன். மறுபடி வட்டம்.

"இன்னும் தேதி கீது பாக்கி."

"நீங்களே போட்டுக்குங்க!" கத்தினேன். ரவி போன பிறகு நான் யாரிடமாவது கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் அசையவில்லை. "உன் ராஜினாமாவுக்கு நான் ஏன் தேதி போடணும்? முதல்ல அந்தக் காகிதத்த கருங்குழில குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிகினு வா. அப்பால நீயே தேதி போட்டுக் குடு. நானே நம்பர் போட்டு அனுப்பறேன்."

கருங்குழி

மறுநாள் காலை செங்கல்பட்டில் மதுராந்தகம் பேருந்தைப் பிடித்தேன். பையில் செல்வியின் கடிதமும் என் ராஜினாமாவும் ஒன்றாக இருந்தன. பாலாற்றில் மணல்தான் பாதி. நடுவில் ஓடிய கொஞ்சம் தண்ணீரில் யாரோ எருமைகளை இறக்கியிருந்தார்கள். மாமண்டூர், படாளம் என்று பேருந்து நின்று நின்று போனது. வழி முழுக்க மன்னிப்பு கேட்பதை ஒத்திகை பார்த்தேன்.

ஓட்டு வீடு. வாசலை ஒட்டிய அறையில் தையல் மெஷின், சுவரில் பள்ளிச் சீருடைகள் தொங்கின. செல்விக்கு என் வயதுதான் இருக்கும். எந்த அலுவலகம் என்று சொன்னேனோ இல்லையோ, மெஷினை நிறுத்தினார்.

"இன்னாம்மா ஆபீஸ் நடத்துறீங்கோ? ஒரு வாட்டி வந்தா சார் இல்ல. இன்னொரு வாட்டி வந்தா அனுப்பிட்டோம்ன்றாங்கோ. எங்க அனுப்பினீங்கோ, லண்டனுக்கா? தச்சிகினு இருந்த துணிய அப்டியே போட்டுட்டு ஓடியாந்தேன். பேஜாரா பூட்ச்சி."

"தப்பு என்னோடதுங்க. விலாசம் மாத்தி எழுதினது நான்தான். மன்னிச்சிடுங்க."

"மனச எங்க வச்சிகினு எழுதறீங்கோ?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அவர் முகம் மாறிவிடும், நாற்காலி வரும், கையைப் பிடித்துக்கொள்வார், இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம். எட்டு மாதமாக அந்தப் பதில்தான் எனக்கு எல்லா இடத்திலும் வழிவிட்டது. நான் சொல்லாத இடத்தில் மற்றவர்கள் எனக்காகச் சொன்னார்கள்.

அன்றைக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் கோபப்பட வேண்டியவர். அவர் கோபத்தை நான் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. "கவனமில்லாம எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் உறையைப் பிரித்தார். வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கணவர் பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"பேரு சரியா கீது" என்றார். அந்தக் குரல் வேறு குரல். சுத்தமான தாளை முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

அந்த இடத்தில் என் விரலும் நின்றிருக்கிறது. ரவியின் பெயர் போட்ட அதே மாதிரித் தாளில், அதே வரியில். அந்தப் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு தவித்தேன். அதே பெயரை இன்னொருத்தியின் உறையில் எழுதி, அவளை மூன்று தடவை அலைய விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மனதார வெட்கப்பட்டேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் தந்தார். கிளம்பும்போது, கோபம் பாதி தணிந்த குரலில், "அடுத்த தபா ஒழுங்கா எழுதுங்கோ" என்றார்.

"எழுதுறேங்க" என்றேன்.

பேருந்தில் பாலாற்றுப் பாலம் ஏறும்போதுதான் உறைத்தது. ராஜினாமாவைப் பையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் அடுத்த தடவைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மீனுவின் கணக்கு நோட்டு

அன்று மாலை வீட்டில் மீனுவின் கணக்கு நோட்டை எடுத்தேன். நான்காம் வகுப்பு. பக்கத்துக்குப் பக்கம் சரி போட்டு, நட்சத்திரமும் ஒட்டியிருந்தது. வழக்கமாகப் புரட்டிவிட்டு மூடிவிடுவேன். அன்றைக்கு ஒவ்வொரு கணக்காகப் பார்த்தேன். ஏழு எட்டு ஐம்பத்து நாலு. அதற்கும் ஒரு சரி.

"இது தப்புடி."

"தெரியும்மா" என்றாள் மீனு. "மிஸ் என் நோட்டை மட்டும் அப்படித்தான் திருத்துவாங்க. எவ்ளோ தப்பா போட்டாலும் ஸ்டார் குடுப்பாங்க. நான் வேணும்னே தப்பா போட்டுப் பாத்தேன்."

நல்ல டீச்சர் அவர். குழந்தை பாவம் என்று நினைத்திருப்பார். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். சாப்பிடாவிட்டால் விட்டுவிடுவேன், அடம் பிடித்தால் வாங்கிக் கொடுத்துவிடுவேன். என் குழந்தை வேண்டுமென்றே தப்புப் போட்டு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிவப்புப் பேனா எடுத்தேன். ஒன்பது வட்டம் விழுந்தது. மீனு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அழுதாள், பென்சிலை வீசினாள். நானும் விடவில்லை. ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் ஒன்பதையும் திருத்திவிட்டு, "நீ ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று என் மடியில் தலையை வைத்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். அவள் அப்பாவைப் பற்றிப் பேசினோம். அவருக்கும் ஏழாம் வாய்ப்பாடு தகராறுதான் என்று சொன்னேன். சிரித்தாள்.

கொக்கிலமேடு

மறுநாள் கையெழுத்து வாங்கிய தாளை அக்காவிடம் கொடுத்தேன். "இன்னோரு காகிதம்?" என்றார். "தேதி யோசிக்கணும்" என்று ராஜினாமாவையும் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதை மடித்துத் தன் இழுப்பறையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்த உண்மையான பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இன்னிலேர்ந்து இதுல எழுது." அன்றைக்கு நான்கு வட்டம் வாங்கினேன். கோபாலன் சார் தர்மசங்கடத்தோடு நெளிந்தார். பாபு அண்ணன் டீ வைத்தபோது, "அண்ணே, எனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை வேணும்" என்றேன். "இத்தினி நாளா இன்னாத்துக்கும்மா சொல்லல?" என்று அவரும் தன் பங்குக்குத் திட்டினார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு மீனுவோடு போனேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டில் கடலைப் பார்த்த வீடு. ரவியின் அஸ்தியை அந்தக் கரையோரத்தில்தான் கரைத்தோம். அதற்குப் பிறகு நான் கடல் பக்கமே போகவில்லை. காய்கிற வலையின் வாடை முகத்தில் அடித்ததும் கால் நின்றுவிட்டது. மீனு என்னைக் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள்.

"ஏய் பாப்பா! அலைக்கு முதுகு காட்டாத! திரும்பி நில்லு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் படகு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்துகொண்டது.

மணலில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "அக்கா, எல்லாரும் பொத்திப் பொத்தி வச்சப்போ, உங்களுக்கு மட்டும் எப்படித் திட்ட மனசு வந்துச்சு?"

முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என் வூட்டுக்காரரு நம்ம ஆபீஸ்லதான் வாட்ச்மேனா இருந்தாரு. அவுரு போனப்போ எனக்கு இருவத்தி மூணு வயசு. இதே மாறிதான் வேல குடுத்தாங்கோ. பத்தாவது பாஸ் நானு. எழுதறேன் சார்னு கேப்பேன். 'ஐயோ பாவம், சின்னப் பொண்ணு, நீ எதுக்கும்மா கஷ்டப்படுற, அந்த ஃபைல எடுத்துகினு வா போதும்'பாங்கோ. எல்லாரும் தங்கமான மனுசங்கோ. ஐயோ பாவம்னு சொல்லியே பதினோரு வருசம் என் கைல பேனா குடுக்கல."

சொல்லிவிட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மீன் வாங்கிப்போகச் சொல்லி வற்புறுத்தினார், நாங்கள் சைவம் என்பதை மறந்துவிட்டு. நான் எழுந்து போய் மீனுவுக்குப் பக்கத்தில், கணுக்கால் நனைய நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ரவியிடம் பேச வேண்டியதை மனதுக்குள் பேசினேன். பெரிதாக ஒன்றுமில்லை. மீனுவின் வாய்ப்பாடு, சர்க்கரை போட்ட டீ, இவ்வளவுதான்.

துக்கம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பரனூர் தாண்டும்போது இன்றும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணை மூடுவதில்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். பெட்டியில் கதை ஓடினால், "என்ன, எனக்கும் சொல்லுங்க" என்று நானே போய் ஒட்டிக்கொள்கிறேன்.

தனலட்சுமி அக்கா ஓய்வு பெற்ற நாளில் பொறுப்பை என்னிடம்தான் ஒப்படைத்தார். அதற்குள் பாதி வேலை கணினிக்குப் போயிருந்தது. ஒவ்வொரு பதிவேடாக எண்ணிக் கொடுத்தார், சாவி கொடுத்தார், பசைப் புட்டியைக்கூட விடவில்லை. கடைசியாக இழுப்பறையின் அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"எல்லாம் முடிஞ்சிச்சி. இது ஒண்ணுதான் நிலுவையில கீது. நான் கெளம்பறதுக்குள்ள தேதி போட்டுக் குடு, நம்பர் போட்டுட்டுப் போறேன்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எழுத்து மங்கியிருந்தது, சிவப்பு வட்டம் மங்கவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் அவர் பேனாவோடு காத்திருந்தார். தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. வட்டத்துக்குள் தேதி இல்லை.